கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு

நோர்வேயின் வடக்குத் தலைமாட்டில், இனிப் போனால் கடல்தான் என்கிற இடத்தில், ஸ்கார்விக் என்றொரு மீன்பிடி ஊர் இருந்தது. அந்த ஊரில் எங்கள் ஆட்களின் வீட்டு வளவுகளில் மட்டும் பனி நிறம் நிறமாக விழத் தொடங்கிய வருசம், முதலில் விழுந்தது பஞ்சலிங்கத்தின் வளவில், அதுவும் நல்ல கனகாம்பர நிறத்தில், வாசற்படியிலிருந்து காரின் கூரை வரை மூடி, பக்கத்து வீட்டு நோர்வேக்காரியின் வேலியில் கயிறு பிடித்து வெட்டியதுபோல நின்று, அங்கால் பால்வெள்ளையாகக் கிடந்தது. பஞ்சலிங்கம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பனி அள்ளுகிற சவளை எடுத்து வழக்கம்போல வழி வெட்டினார். எந்த நிறமென்றாலும் பனிக்குப் பாரம் ஒன்றுதான், மீன் பக்டரியில் மணி அடிக்கிற நேரமும் ஒன்றுதான்.

அடுத்த கிழமை குணநாயகம் வீட்டில் மஞ்சள் விழுந்தது, அதற்கடுத்து யோகராணி வீட்டில் மஞ்சளும் பச்சையும் சம்பலும் வறையும்போலப் பக்கம் பக்கமாக விழுந்தது, மாசி பிறக்கிறதுக்கிடையில் ஸ்கார்விக்கில் எது தமிழன் வீடு என்று விமானத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற நிலைமை வந்துவிட்டது. நோர்வேக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்தவன் கூரையில் யானை ஏறி நின்றாலும், அவனுடைய நாட்டு வழக்கமாக்கும் என்று மரியாதையாக மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிற சனம் அது. தெற்கேயிருந்து, பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி மட்டும் பனியை அள்ளிப்போகப் போத்தல்களோடு வந்தாள். பனியில் ஒரு வகைப் பாசி முளைத்தால் வத்தகப்பழச் சிவப்பாகும், பாலைவனத்து மண் காற்றில் ஏறி வந்தால் செம்மஞ்சளாகும், மகரந்தம் விழுந்தால் மஞ்சளாகும், புகை பட்டால் கறுக்கும், இதெல்லாம் உலகத்தில் நடக்கிறதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று ஆறுதல் சொன்னாள். பஞ்சலிங்கத்தின் மனுசி தவமலர் அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து, பாசிக்கும் பாலைவனத்துக்கும் தமிழனுடைய வேலி எதுவென்று எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். அந்தப் பெண் தேத்தண்ணி நல்ல ருசி என்றாள். போத்தல்களை நகரத்தில் திறந்து பார்த்தபோது உள்ளே வெறும் தண்ணீர்தான் இருந்ததாம்.

காரணத்தைக் கண்டுபிடித்ததும் தவமலர்தான். பஞ்சலிங்கம் ஊருக்குப் போன் எடுத்த கிழமை கனகாம்பரம் விழுகிறது, எடுக்காத கிழமை வெள்ளை விழுகிறது. இதை அவள் குசினி யன்னலுக்குள்ளால் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாள்.

“உந்த நிறம் வானத்தாலை வரேல்லை. உங்கடை வாயாலை வருது.”

பஞ்சலிங்கம் மறுத்துப் பேசவில்லை. பேச முடியாது. பக்டரியில் அவருக்கு வேலை, ஓடுகிற இயந்திர வாருக்குமேல் வரிசையாக வருகிற ஆட்டுக்குட்டி அளவு மீன்களுக்குத் தலை வெட்டுவது. அவருடைய ஐயாவோ யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர், மீன் குழம்பு இல்லாமல் ஒரு நேரச் சோறு இறங்காது, ஆனால் மீன் சந்தையைக் கடக்கும்போது சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பார். மகன் கதிரையில் இருக்க வேண்டும், கையெழுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு உலகம். அந்த மகன் வெளிநாடு போவதற்காகப் பூரணம் அக்கா தன் சீதனக் காணியை விற்கச் சொன்னாள். காணி போனதோடு அவளுடைய கலியாணப் பேச்சும் போனது. அப்படிப்பட்ட அக்கா முதல் முதல் போனில் என்ன வேலை தம்பி என்று கேட்டால், மீன் தலை வெட்டுறன் என்று எந்த வாயால் சொல்லுவது? மேற்பார்வை என்றார். அக்கா சந்தோசப்பட்டாள். அவள் சந்தோசப்படச் சந்தோசப்பட அவருக்குப் பதவி உயர்வு கிடைத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு அவர் மெனேச்சராகிவிட்டார். அந்த நத்தாருக்குப் பனி முழங்கால் வரைக்கும் கனகாம்பரம்.

தவமலர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, விசயம் ஊரெல்லாம் பரவியது. அவரவர் தங்கள் தங்கள் வளவைப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள், கணக்குச் சரியாக வந்தது. வேலையைப் பற்றிய பொய்க்குக் கனகாம்பரம். நோய் நொடியை மறைத்தால் பச்சை. நாங்கள் நல்ல சந்தோசமாக இருக்கிறோம் என்றால் மஞ்சள். ஸ்கார்விக்கில் மஞ்சள்தான் கூடுதல்.

ஸ்கார்விக்கில் இருந்த தமிழ்க் குடும்பங்களைக் கைவிரல் கால்விரலால் எண்ணிவிடலாம், ஆனாலும் சங்கம் இரண்டு: தமிழர் ஒன்றியம், பிறகு ஒன்றியத்தோடு வடை விசயத்தில் கோபித்துக்கொண்டு போனவர்களின் தமிழர் பேரொன்றியம். இரண்டும் அவசரக் கூட்டம் போட்டன. மாரி காலத்தில் ஊருக்குப் போன் எடுப்பதில்லை என்று ஒன்றியம் தீர்மானித்தது. அங்கே மாரி காலம் வருசத்தில் முக்கால்வாசி என்பதால் தீர்மானம் அந்த ஞாயிற்றுக்கிழமையே செத்தது. இனிமேல் உண்மை மட்டும் பேசுவது என்று பேரொன்றியம் தீர்மானித்தது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் வீட்டுக்குப் போய் இந்தப் பெருமையை ஊருக்குப் போனில் சொன்னார், தான் தலைவர் என்று. விடிய அவர் வளவும் கனகாம்பரம்.

பிறகு எங்கள் சனம் எதற்கும் பழகுகிறதுபோல இதற்கும் பழகியது. சாதகம் பார்க்கிறதுக்கு முன்னம் மாப்பிள்ளை வீட்டு வளவைப் பார்க்கிற வழக்கம் வந்தது. நிறம் கூடினால் குறைவு என்றில்லை, பெரிய குடும்பம், ஊரில் நிறையச் சொந்தபந்தம், கதைக்க ஆட்கள் இருக்கினம் என்று அர்த்தம் சொன்னார்கள். சாமத்தியச் சடங்குக்கு வீடியோக்காரர் மஞ்சள் பனியிலும் பச்சைப் பனியிலும் பெண் பிள்ளைகளை நிற்பாட்டிப் படம் பிடித்தார், அந்தப் படங்கள் ஊருக்குப் போயின, இதுதான் எங்கடை பூந்தோட்டம் என்று பின்னால் எழுதி. அதற்கும் ஒரு நிறம் விழுந்தது.

வெள்ளையாகவே கிடந்தது ஒரேயொரு வளவு. அது அமிர்தநாதருடையது, பக்டரியின் குளிர் அறையில் பெட்டி அடுக்குகிற, அதிகம் பேசாத மனிதர். சத்தியவான் என்றால் இவர்தான் என்று இரண்டு சங்கமும் அடிபட்டு, ஒன்றியம் முந்திக்கொண்டு அவரைத் தலைவராக்கி, மாலை போட்டு, எப்படி ஐயா உங்களால் மட்டும் பொய் சொல்லாமல் இருக்க முடிகிறது என்று ஒலிவாங்கியை அவர் வாயருகே பிடித்தது.

“எனக்குக் கதைக்க ஆள் இல்லை,” என்றார் அமிர்தநாதர்.

மண்டபத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது யோகராணி தன் பெரியம்மாவின் போன் நம்பரை அவருடைய சட்டைப் பைக்குள் வைத்தாள், மனுசிக்குக் காது கொஞ்சம் மந்தம், யாரென்று கேட்காது, நீங்கள் கதையுங்கோ என்று. அடுத்த கிழமை அமிர்தநாதரின் வாசலில் உள்ளங்கையளவு மஞ்சள் விழுந்திருந்தது. அவர் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

பஞ்சலிங்கத்தின் வளவில் ஒரு விசயம் மட்டும் யாருடைய கணக்குக்கும் ஒத்துவரவில்லை. குசினி யன்னலுக்குக் கீழே, போன் தொங்குகிற சுவருக்கு நேராக, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு விழும். வேறு ஒரு வீட்டிலும் அந்த நிறம் இல்லை. அவர் தன் பொய்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், கார் பற்றிய பொய், குளிர் பழகிவிட்டது என்ற பொய், தமிழ்க் கடையில் முருங்கைக்காய் தாராளமாகக் கிடைக்கிறது என்ற பொய், ஒன்றும் அந்த நிறத்தில் இல்லை. தவமலரிடம் கேட்டார். தன் பொய்கள் எல்லாம் சுத்த மஞ்சள் என்று அவள் சத்தியம் பண்ணினாள். அவர் போனில் நாலு சொல் மட்டும் பேசிய கிழமைகளிலும் கோடு விழுந்தது. அந்தக் கிழமைகளில் அவர் செய்ததெல்லாம் சுகம் கேட்டதும், கடைசியில் ஐயா எப்படி என்று கேட்டதும்தான். ஐயா போனுக்கு வருவதில்லை, போன் இருக்கிற சந்திக் கடைக்கு நடந்து வர முழங்கால் விடாதாம். அக்கா ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்லுவாள்: “ஐயா உன்னைக் கேட்டவர்.” ஐயா தன்னை விசாரித்தார் என்கிற அந்த ஒரு வசனம் காதில் விழுந்தால் போதும், பஞ்சலிங்கம் ஒரு கிழமைக்கு மீன் வெட்டுவார், விரல் வெடித்தாலும் வெட்டுவார்.

ஊரில் சண்டை நின்று பாதை திறந்த வருசம், பங்குனி மாதம், வெயில் திரும்பி வந்து பனி மட்டும் போகாமல் அடம்பிடித்துக்கொண்டு நிற்கிற நாட்களில், பூரணம் அக்கா விசா எடுத்து வந்தாள். அவள் வருகிறாள் என்று தெரிந்ததும் பஞ்சலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. வளவு முழுக்கக் கனகாம்பரம். ஒன்றியமும் பேரொன்றியமும் முதல் முறையாக ஒன்றுசேர்ந்து, மலையடிவாரத்திலிருந்து வெள்ளைப் பனியைத் தள்ளுவண்டிகளில் கொண்டுவந்து கொட்டி, பாய் விரித்த மாதிரிப் பரப்பின, அமிர்தநாதர் தலைவர் என்ற முறையில் அதைச் சுற்றி வந்து பார்த்துத் தலையாட்டினார். பக்டரியின் உண்மையான மெனேச்சர் ஒட்வாருக்கும் விசயத்தைச் சொன்னார்கள். அந்த நல்ல மனிதன் இதையும் எங்கள் சமய வழக்கம் என்று நினைத்து, அக்கா பக்டரி பார்க்க வருகிற சனிக்கிழமை தன் கதிரையைப் பஞ்சலிங்கத்துக்குக் கொடுக்கவும், தான் ஏப்ரன் கட்டிக்கொண்டு வாரில் நிற்கவும் சம்மதித்தான்.

அக்கா மூன்று சுவெட்டருக்கு மேல் ஒரு சேலைத் தலைப்பும், புழுக்கொடியலும் மிளகாய்த்தூளுமாக வந்து இறங்கினாள். வெள்ளை வளவைப் பார்த்துக்கொண்டே படியேறினாள். அன்று பொழுதுபட மேசையில் தேத்தண்ணி குடிக்கும்போது வேலை எப்படி என்று கேட்டாள். வாயைத் திறக்கிறதில்லை என்று பஞ்சலிங்கம் தவமலருக்கு அடித்துச் சத்தியம் செய்திருந்தார். என்ன செய்வது, பழகின வாய்.

“மெனேச்சர் வேலை எண்டால் ஒரே தலையிடிதான் அக்கா.”

தவமலர் எழும்பிப் போய்ச் சவளை எடுத்து வாசலில் சாத்தி வைத்துவிட்டு வந்தாள். பஞ்சலிங்கம் பேச்சை மாற்ற, ஐயா எப்படி என்றார். அக்கா தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தாள்.

“ஐயா உன்னைக் கேட்டவர்,” என்றாள்.

இரவு பனி கொட்டியது. விடிய அக்கா எழும்புவதற்கிடையில் வழித்துவிடலாம் என்று பஞ்சலிங்கம் வெளியே வந்தார். கனகாம்பரம், எதிர்பார்த்ததுதான். குசினி யன்னலுக்குக் கீழே கத்தரிப்பூ நிறக் கோடும் புத்தம் புதிதாக, ஈரம் காயாமல் கிடந்தது. நேற்று அவர் போன் எடுக்கவில்லை. தவமலரும் எடுக்கவில்லை. மேசையில் பேசியது இரண்டே பேர்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஊரில் பனி விழாது. வெயில் கொளுத்துகிற அந்த ஊரில் நின்றுகொண்டு ஒரு மனுசி பொய் சொன்னால் அது எங்கே போய் விழும்? விழ இடமில்லாமல் போன் கம்பிக்குள்ளால் ஓடி ஓடி, கடலெல்லாம் தாண்டி வந்து, கேட்டவன் வளவிலேதான் விழும். இத்தனை வருசமாக அக்காவின் பொய்யைத்தான் அவர் சவளால் அள்ளிக் கொட்டியிருக்கிறார். ஐயா ஒருநாளும் அவரைக் கேட்கவில்லை. கனகாம்பரத்தை வழித்தார், கோட்டை வழிக்கக் கை வரவில்லை, அதற்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தார். அக்காவிடம் கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்ற பயம்.

சனிக்கிழமை எல்லோருமாகப் பக்டரிக்குப் போனார்கள். பஞ்சலிங்கம் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் ஒட்வாரின் கதிரையில் இருந்தார். கதிரை சுழன்றது, அதை எப்படி நிற்பாட்டுவது என்று தெரியவில்லை. கடந்து போன தமிழர் எல்லாம் குட்மோர்னிங் சேர் என்றார்கள், தேவைக்கு மேலாகச் சொன்னார்கள், குணநாயகம் இரண்டு தரம் சுற்றி வந்து சொன்னார். கண்ணாடிக்கு அங்கால் ஒட்வார் ஏப்ரனோடு நின்று மீன் வெட்டினான். வெட்டினானா? கொத்தினான். கத்தி எலும்பில் சிக்கியது, தலையோடு கழுத்து இறைச்சியும் போனது, அருமையான மீன், கடலுக்குள் எவ்வளவு காலம் நீந்தி வளர்ந்த மீன், ஒன்றின் பின் ஒன்றாகப் பாழாகிக்கொண்டிருந்தது. பஞ்சலிங்கம் மற்றப் பக்கம் பார்த்தார். மேசையில் இருந்த பேனாவைத் திறந்து மூடினார். நாலாவது மீனுக்குப் பிறகு அவரால் முடியவில்லை. கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அறையை விட்டு இறங்கிப் போய், ஒட்வாரை இடது கையால் விலத்திவிட்டு, கத்தியை வாங்கினார்.

செவுளுக்குக் கீழே ஒரு சரிவு, மறுபக்கம் ஒரு சரிவு, ஒரு முறிப்பு. தலை அங்கால், உடல் இங்கால், ஒரு துண்டு இறைச்சியும் வீணில்லை. அடுத்தது. அடுத்தது. அக்கா கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கிறாள் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. நினைவு வந்து நிமிர்ந்தபோது வாரில் மீன் முடிந்திருந்தது, கழுத்துப்பட்டியில் செதில், குட்மோர்னிங் சொன்னவர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒட்வார் மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டான்.

வீட்டுக்கு வரும்வரை அக்கா அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். வந்ததும் நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கிக் கொண்டுவந்து, அவருடைய கைகளைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, குளிரிலும் உப்புத்தண்ணியிலும் வெடித்திருந்த விரல்களுக்கு ஒவ்வொன்றாகப் பூசினாள்.

“எனக்குத் தெரியும் தம்பி,” என்றாள். “ஐயாவுக்கும் தெரியும்.”

இந்த ஊரிலிருந்து லீவுக்குப் போன யாரோ ஒருவன் கோயில் வீதியில் வைத்து ஐயாவிடம் சொல்லிவிட்டானாம், உங்கடை மகன் பக்டரியிலை என்னோடைதான் மீன் வெட்டுறான், கெட்டிக்காரன் என்று, நல்லெண்ணத்தோடுதான். ஐயா வீட்டுக்கு வந்து, கதிரைக்கு அனுப்பின பிள்ளை மீன் வெட்டுகிற வாங்குப் பலகைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று ஒரு தரம் சொன்னார். அதற்குப் பிறகு அவன் பெயரை எடுக்கவில்லை. அன்றைக்கு விட்ட மீன் குழம்பை இன்றுவரை தொடவுமில்லை, வெறும் பருப்போடு சாப்பிடுகிறார். அக்கா சொல்லி முடித்தாள். பஞ்சலிங்கம் கைகளை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், அவள் விடவில்லை. இவ்வளவு காலமும் ஒருவருக்கொருவர் பொய்யைச் சொல்லி, கேட்டுச் சந்தோசப்பட்டிருக்கிறோமே, எங்களைப்போல விசரர் உலகத்தில் உண்டோ என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடிந்தது.

அக்கா இங்கே நிற்கிற நாளில் ஐயா பட்டணத்தில் சின்னம்மா வீட்டில் இருந்தார், அங்கே போன் இருந்தது. அவள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் எடுத்தாள். வெளியே தவமலரும் பஞ்சலிங்கமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையைப் பற்றி ஏதோ சொல்லுகிறது கேட்டது, செவுள் என்று ஒரு சொல் கேட்டது, பிறகு அக்கா வெகுநேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள், அல்லது அந்தப் பக்கமும் பேச்சில்லாமல் இருந்தது. கதவு திறந்தது.

“ஐயா உன்னைக் கேட்டவர்,” என்றாள்.

அதே வசனம், அதே குரல். பஞ்சலிங்கம் ஓம் அக்கா என்றார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கை விறைக்கிறேல்லையோ எண்டு கேட்டவர்.”

அவருக்கு அக்காவில் பாவமாக இருந்தது. தான் மேற்பார்வையிலிருந்து மெனேச்சர் வரைக்கும் வளர்ந்ததுபோல அவளுடைய பொய்யும் வளர்ந்துகொண்டு போகிறது என்று நினைத்தார். இனி அந்தக் கோடு இன்னும் அகலமாக விழும், அதையும் வழிக்க வேண்டும். சவள் எங்கே என்று தவமலரைக் கேட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

இரவு முழுக்கப் பனி கொட்டியது. விடிய எழும்பிக் குசினிக்குப் போய், யன்னல் திரையை நீக்க மனமில்லாமல் தேத்தண்ணி போட்டு, சீனி போட்டு, கலக்கி, ஆற்றி, வேறு ஒரு வேலையும் மிச்சமில்லை என்றானபின் நீக்கினார்.

வெள்ளை. வாசற்படி, காரின் கூரை, வேலி, வேலிக்கு அங்கால் நோர்வேக்காரியின் முற்றம், எல்லாம் ஒரே வெள்ளை. யன்னலைத் திறந்து, குளிரில் பாதி உடம்பை வெளியே நீட்டி, போன் சுவருக்கு நேர் கீழே குனிந்து பார்த்தார். அங்கேயும் ஒரு கோடு இல்லை. கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

அன்றைக்குப் பஞ்சலிங்கம் வழி வெட்டவில்லை. அந்தப் பனியில் கால் வைக்க மனம் வராமல், பின் கதவால் இறங்கி, வயது போன காலத்தில் நோர்வேக்காரியின் வேலியில் ஏறி, காற்சட்டை கொளுவிக் கிழிய, றோட்டில் போய் விழுந்தார். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அமிர்தநாதர் ஓடிவந்து தூக்கிவிட்டார். தூக்கிவிட்டு வளவைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. வெள்ளை வளவு என்றால் என்னவென்று அந்த ஊரில் அவரைவிட யாருக்குத் தெரியும்.

“என்ன பஞ்சலிங்கம்,” என்று மெதுவாகக் கேட்டார், “உமக்கும் ஆக்கள் இல்லாமல் போச்சோ?”

“இல்லை அண்ணை,” என்றார் பஞ்சலிங்கம். “ஐயா என்னைக் கேட்டவர்.”

சொல்லிவிட்டு, பழக்கதோசத்தில், வளவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.